சம்பந்தியம்மாவை அடிப்பது எப்படி

“ஒரே உயரம் இருக்கிறவங்க எதிரெதிரா வந்து நில்லுங்க” என்றாள் திவ்யா.

கொடைக்கானலில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஹால் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. சிமெண்டுத் தரையின் குளிர் சாக்ஸைத் துளைத்துக்கொண்டு ஏறியது. உடைந்த சன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து, அணைந்த மெழுகுவர்த்தி வாசனையோடும் நனைந்த கம்பளி வாசனையோடும் கலந்துகொண்டிருந்தது. சுடிதாருக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குல்லா என்று பதினாறு பெண்கள் நின்றோம். பாதிப் பேருக்கு ஐம்பதைத் தொட்ட வயசு.

நான் திரும்பிப் பார்த்தேன். என் உயரத்துக்குச் சரியாக அங்கே ஒரே ஒருத்தர்தான் இருந்தார். ஆரோக்கியமேரி. என் மகள் ஷீபாவின் மாமியார்.

“சூப்பர். நீங்க ரெண்டு பேரும் ஜோடி. அக்கா, நீங்க இவங்க முகத்தைப் பார்த்துக் குத்துங்க. இவங்க தடுப்பாங்க.”

ஹால் முழுக்கச் சிரித்தது. திவ்யாவுக்கு மட்டும் ஏன் என்று புரியவில்லை. இருபத்தைந்து வயசுப் பெண். வத்தலக்குண்டுக்காரி. ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து எங்களுக்குத் தற்காப்புக் கலை சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கிப் போகிறவள். யாருக்கு யார் என்ன உறவு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“மிஸ், அவங்க சம்பந்திங்க” என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

“அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. நல்லாக் குத்துங்க.”

மறுபடியும் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். சம்பந்தியம்மாவை நாலு பேர் பார்க்கக் குத்தலாம், அதற்கு ஃபாதரின் அனுமதியும் உண்டு என்றால் பெண்ணைப் பெற்ற எவளுக்குக் கசக்கும்? 

ஊக்குக் காலம்

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இங்கே ஒரு பள்ளிக்கூட விடுதியில் மேட்ரனாகக் காலம் தள்ளியவள். வாய் கொஞ்சம் நீளம். போன வாரம் ஷீபாவின் கல்யாணப் பந்தியில் நடந்த கூத்தைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். இது அதற்குப் பிறகு நடந்தது.

நான் வயசுப் பெண்ணாக இருந்தபோது தற்காப்புக் கலை என்றால் ஊக்கு. மலை இறங்கும் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் என் அம்மா ஒரு பெரிய ஊக்கைத் தாவணியில் குத்தி அனுப்புவாள். “எவனாச்சும் இடிச்சா சத்தம் போடாத. ஒரு குத்து குத்திட்டுச் சன்னலப் பாத்துக்க.” அவ்வளவுதான் பாடம்.

அந்த ஊக்கை நான் ஒரே ஒரு தடவை பயன்படுத்தினேன். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியது. எவனோ பின்னால் வந்து சாய்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். குத்து வாங்கியது அவனல்ல, அவனுக்குப் பக்கத்தில் மூட்டையோடு நின்றிருந்த பூண்டு வியாபாரி. பாவம், அந்த மனிதர் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. தொடையைத் தடவிக்கொண்டு, நான் இறங்கும்வரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். சாய்ந்தவன் நன்றாகத் தூங்கினான்.

குத்துவதற்கும் படிப்பு உண்டு என்று எனக்கு ஐம்பது வயசுக்கு மேல்தான் தெரிந்தது.

ஏரி ரோட்டில் ஆறு மணி

மேரி மதினிக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை. காலை டிபன் பகுதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். (நானும் ஆரோக்கியமேரியும் ஒருவரை ஒருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.) பாச்சலூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மேலே வந்தவர். வீட்டுக்காரர் போன பிறகு பிடித்த வேலை. மார்பில் பேர் எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு, கஞ்சி போட்ட சேலையில் அவர் நிற்கும்போது மேனேஜரே கொஞ்சம் ஒதுங்கித்தான் நடப்பார் என்று கேள்வி.

ஆறேகாலுக்கு அங்கே இருக்க வேண்டும். அதனால் தினமும் வெள்ளனே, மேகம் விலகுமுன்பே, ஏரி ரோட்டில் தனியாக நடக்க வேண்டும். சீசன் சமயத்தில் ஒருநாள் ஒரு கார் அவர் பக்கத்தில் வந்து உரசி நின்றது. உள்ளேயிருந்து ஒரு கை அவருடைய சால்வையை இழுத்தது. சால்வை போனது, கார் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், “இனிமே அந்தச் சோலிக்குப் போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் என்னிடம் அழுதார். “போகலன்னா என்ன செய்வேன் மதினி? மருமக அடுப்படியில பாத்திரமாட்டம் ஒரு மூலையில கெடக்கணும்.”

அவருக்கு அது பயம். எனக்கும் அதேதான் பயம். என் பயத்துக்குக் காரணம் மட்டும் வேறு.

ஷீபா வீட்டிலேயே சாக்லேட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். மாமியார் காலையில் கிளம்பி மத்தியானம் மூணு மணிக்குத் திரும்பும்வரை அடுப்படி அவள் ராஜ்ஜியம். அவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று பெண்ணைக் கட்டிக்கொடுத்த தாய்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே அடுப்பு, இரண்டு கரண்டி. அந்தச் சமயத்தில்தான் பங்கிலே இந்த வகுப்பை ஆரம்பித்தார்கள். மேரி மதினியைக் கையைப் பிடித்து இழுத்துப் போனது நான்தான். தனியாகப் போகக் கூச்சப்படுவார் என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். என்ன ஒற்றுமை, என்ன ஒற்றுமை என்றார்கள். நானும் அந்தப் பேரை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

கும்மி

முதல் இரண்டு வாரம் நிற்கவே கற்றுக்கொண்டோம். இடது கால் முன்னால். தாடை கீழே. இரண்டு கையும் கன்னத்துக்குப் பக்கத்தில். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மூடினால் விரல் உடையும், வெளியே இருக்க வேண்டும். குத்தும்போது மூச்சை ஹுஷ் என்று வெளியே விட வேண்டும்.

“குத்து கையில இல்ல அக்கா, இடுப்புல இருக்கு” என்பாள் திவ்யா. பஞ்சு வைத்த பேடை அவள் பிடித்துக்கொள்வாள், நாங்கள் வரிசையாகப் போய்க் குத்துவோம். பழைய வியர்வை நாற்றம் அடிக்கும் பேட். என் குத்துக்கு அது தொப் என்று ஒரு சத்தம் போடும். வாழ்நாளில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் அது ஒன்று.

தடுப்பதற்கு பிளாக் என்று பேர். வருகிற குத்தை முன்னங்கையால் வெளிப்பக்கம் தள்ளிவிட வேண்டும். தடுத்த கையோடு ஒரு அடி. அடித்த கையோடு ஓட்டம். “நின்னு பார்க்கக் கூடாது. ஓடுறதுதான் முக்கியம்” என்று சொல்லி ஹாலைச் சுற்றி ஓடவிட்டாள். நாங்கள் சிரித்துச் சிரித்து இரண்டு சுற்றோடு உட்கார்ந்துவிட்டோம். “ஓடுனா நாயிக கூட வெரட்டும் மிஸ்” என்றார் மேரி மதினி.

அதற்கப்புறம்தான் ஸ்பாரிங். ஜோடியாக நின்று, ஒருவர் சண்டை மாதிரியே குத்த, மற்றவர் தடுத்துப் பழகுவது, பிறகு முறை மாறி அவர் குத்த இவர் தடுப்பது.

“குத்து நெஜமா வரணும். தடுக்கலன்னா மேல படும்னு எதிர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியணும். மெதுவாத்தான் படும், ஆனா படும். அப்பதான் கை தானா தூக்கும்” என்றாள் திவ்யா.

ஆரம்பத்தில் ஒரே ஒரு நாள் நான் அப்படிக் குத்தினேன். மேரி மதினியின் கை தாமதமாக வந்தது. என் முஷ்டி அவர் மூக்கில் இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம். அவர் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டார். “ஒண்ணுமில்ல மதினி, நீங்க வாங்க” என்றார்.

நான் வீடு போய்ச் செருப்பைக் கழற்றவில்லை, ஷீபாவின் போன்.

“அம்மா, என்ன பண்ணி வச்ச? அத்தைக்கு மூக்கு வீங்கிக் கெடக்கு. இவரு மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு ஒக்காந்திருக்காரு. ஒனக்குக் குத்துறதுக்கு ஊருல வேற ஆளே கெடைக்கலையா?”

மாப்பிள்ளை ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கேக் வாங்கிக்கொண்டு போய், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்ன மரியாதை உண்டோ அத்தனையும் செய்துவிட்டு வந்தேன். அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டே பேசினேன். நிச்சயதார்த்தத்தன்று நின்றது போலவே நின்றேன்.

அதோடு என் கை அடங்கிப்போனது.

அடுத்த ஞாயிறிலிருந்து என் குத்து பாதி வழியிலேயே வேகம் குறைந்துவிடும். அவருடைய கை என் கையில் பட்டதுமே, அவர் தள்ளிவிட்டது போல நானே கையை விசிறிக்கொள்வேன். சில நாள் கூடவே ஒரு அடி பின்னால் தள்ளாடுவேன். “அம்மாடி, என்ன கை மதினி, இரும்பாட்டம் இருக்கு” என்பேன். அவர் முகம் மலர்ந்துபோகும்.

“நிக்குது மதினி. நீங்க குத்துறது அப்படியே நிக்குது.”

அதற்குள் அவர் மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டு ஏரி ரோட்டில் நடக்கிறாராம். ஷீபா சந்தோஷமாகச் சொன்னாள். அடுப்படி அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

திவ்யா எங்களைக் கவனிக்காமல் இல்லை. ஒருநாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

“என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? இது சண்டை மாதிரியே இல்ல. கும்மி அடிக்கிற மாதிரி இருக்கு. மேரி அக்கா, அடுத்த வாரம் நீங்க ஜெனி கூட நில்லுங்க.”

ஜெனி காலேஜ் போகிற பெண். அவள் குத்தினால் பேட் பிடிக்கிற திவ்யாவே ஒரு அடி பின்னால் போவாள்.

“இல்ல மிஸ், எங்களுக்கு இப்படியே பழகிருச்சு. மாத்த வேண்டாம்” என்றேன். மேரி மதினி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். திவ்யா சின்னப் பெண். விடுதியில் முன்னூறு பிள்ளைகளை மேய்த்த என் குரலுக்கு முன்னால் அவளால் நிற்க முடியவில்லை. சரி அக்கா என்று போய்விட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஜெனி கையால் நாலு குத்து வாங்கினால் மேரி மதினிக்குத் தைரியம் போய்விடும். தைரியம் போனால் வேலைக்குப் போக மாட்டார். போகாவிட்டால் அடுப்படி. இவ்வளவும் அந்த ஒரு நொடியில் என் மனசில் ஓடியது. அவருக்கு வலிக்குமே என்று நினைத்தேன் என்று இங்கே எழுதிவிடலாம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அது பொய்.

நிற்கவில்லை

சீசன் முடிந்து கூட்டம் வடிந்த ஒரு காலை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மேகம். ரோட்டோரம் ஒரு வேன் நின்றிருந்தது. அதில் சாய்ந்துகொண்டிருந்தவன் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டிருக்கிறான். இவர் கையை நீட்டிக் காட்டினார். நீட்டிய கையை அவன் பிடித்துக்கொண்டான்.

இவர் உதறி விடுபட்டுவிட்டார். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. விடுபட்டுவிட்டார். ஐம்பதடி பின்னால், அவர் அப்போதுதான் தாண்டி வந்த ஒரு டீக்கடையில் ஷட்டர் பாதி திறந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரும்பி ஓடியிருந்தால் போதும்.

ஓடவில்லை. இடது காலை முன்னால் வைத்து, தாடையைத் தாழ்த்தி, இரண்டு கையையும் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு நின்றார்.

அவன் அடித்தான். இவர் தடுத்தார். தடுத்த கையையும் சேர்த்துக்கொண்டு அந்த அடி முகத்தில் இறங்கியது. நடைபாதைக் கல்லின் விளிம்பில் போய் விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. பால் கேன் கட்டிய பைக் ஒன்று அந்தப் பக்கம் வரவும், அவன் வேனில் ஏறிப் போய்விட்டான். புகார் கொடுத்தோம். அந்த மேகத்தில் வண்டி நம்பரை யார் பார்த்தார்கள்?

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாவுக்கட்டு இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு பக்கக் கண் மூடிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சரியாத்தான் கையத் தூக்குனேன் மதினி. நீங்க குத்தும்போது நிக்கும்ல? அது நிக்கல.”

அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. கணக்குத் தப்பாகிப்போன பிள்ளை வாத்தியாரிடம் கேட்பது போல் கேட்டார். “நான் எங்க தப்பு செஞ்சேன்?” என்றார்.

“இப்ப அதெல்லாம் பேசாதீங்க, தூங்குங்க” என்றேன். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். 

எல்லாமேவா

இரண்டு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. தினம் சூப் வைத்துக் கொண்டுபோனேன். தலை பின்னிவிட்டேன். ஊரில் மறுபடியும் மெச்சினார்கள்.

கட்டைப் பிரித்தபோது கை கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. தட்டுத் தூக்க முடியாது. ஹோட்டலில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவர் சொன்ன மாதிரியே ஷீபாவின் அடுப்படியில் ஒரு மூலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் பயந்த சண்டை ஒன்றுமே வரவில்லை. ஷீபா அவரைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்ததும் திவ்யா என்னிடம் வந்தாள்.

“அவங்க ஏன் அக்கா ஓடல? ஓடச் சொல்லித்தானே கொடுத்தேன்?”

 அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

“தடுத்துரலாம்னு நம்பிட்டாங்க போல. நாந்தான் உங்களப் பிரிச்சு வேற ஆளோட நிக்க வச்சிருக்கணும். தப்பு என் மேலதான்.”

சொல்லிவிட்டு அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் தப்பைத் தூக்கிக்கொண்டு அவள் மலை இறங்கிப் போகப் போகிறாள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. அப்படியே நேராக ஷீபா வீட்டுக்கு நடந்தேன்.

ஷீபா கடைகளுக்குச் சாக்லேட் கொடுக்கப் போயிருந்தாள். மேரி மதினி மட்டும் இடது கையால் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

“மதினி, ஒண்ணு சொல்லணும். நான் ஒங்கள நெசமாக் குத்தவே இல்ல. நீங்க தடுத்து நின்னுச்சுன்னு நெனச்சதெல்லாம் நானா நிறுத்துனது.”

அவர் கை நின்றது.

“எப்பருந்து?”

“மூக்குல பட்டுச்சே, அதுக்கப்புறம்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

 அவர் நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

“ஒரு குத்து மதினி. ஒரே ஒரு குத்து நெசமா விட்டிருந்தீங்கன்னா, இந்தக் கை தாங்காதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். வெரசா ஓடியிருப்பேன். டீக்கடை அந்தா இருந்துச்சு.”

நான் அழுதேன். ஷீபாவின் அடுப்படிக்காகத்தான் அவருக்குப் பொய்த் தைரியம் ஏற்றிவிட்டேன் என்பதையும், ஜெனியோடு நிற்கவிடாமல் தடுத்ததையும் சேர்த்தே சொன்னேன். சொல்லி முடித்தால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. அவர் இப்போது சுருக்கமாக “போங்க” என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

 அவரோ இரண்டு பட்டாணியை உரித்துப் போட்டார்.

“நானும் ஒங்கள நெசமாக் குத்தல.”

எனக்குப் புரியவில்லை.

“மருமகளோட அம்மாவ எப்படிக் குத்த? நாளைக்கு அந்தப் பிள்ள மூஞ்சில எப்படி முழிக்க? நானும் பாதியிலயே நிறுத்திக்கிட்டுத்தான் இருந்தேன். ஒங்க குத்து நெசம், நாந்தான் ஏமாத்துறேன்னு நெனச்சேன். அவன் அடிச்சப்பதான் நெசமான அடி எப்படி வரும்னு தெரிஞ்சுச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எனக்கு அதே ரோசனைதான். நீங்க வெள்ளனே தனியாப் பூசைக்குப் போவீங்களே, ஒங்க பிளாக்கும் நிக்காதேன்னு. சொல்லிரணும்னு தெனம் நெனப்பேன். நீங்க சூப்பைக் கொண்டாந்து ஊட்டிவிட்டுக்கிட்டு இருக்கையில எந்த வாயால சொல்ல?”

கிண்ணத்தை எடுத்து வைக்க எழுந்தார். வலது கையால் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நான் எடுத்து மேடையில் வைத்தேன்.

“கிளாசுக்குப் போவீங்கல்ல?” என்று கேட்டார்.

“போகணும் மதினி.”

“போங்க. யார் கூட வேணா நில்லுங்க. சொந்தக்காரங்க கூட மட்டும் நிக்காதீங்க.”